கிடங்கு நாடகத்தில் அம்மா

அம்மாவுக்குக் கைக்கடிகார ஆலையில் வேலை. முள் பொருத்துவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவளே சொல்வாள். வாசல் காவலர்கள்கூடத் தனக்கு சல்யூட் அடிப்பதாகச் சேர்த்துக்கொள்வாள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கி, ஆபீஸ் வேலைக்குப் போனவள் நான். என் புது உலகத்தை அவளுக்குக் காட்டும் ஆசையில்தான் அந்த நாடகத்துக்கு அழைத்துப் போனேன்.

பழைய கிடங்கு ஒன்றில் நாடகம். மேடை கிடையாது. நடிகர்களுக்கு நடுவே நாமும் அறை அறையாக நடக்க வேண்டும்.

“உக்கார ஒரு நாற்காலிகூட இல்ல. இதுக்கு டிக்கெட் வேறயா?”

“நாமளும் நாடகத்துக்குள்ள இருக்கோம்மா.”

“அப்ப எனக்குச் சம்பளம் குடுக்கச் சொல்லுடி.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது அறையில் சீருடை போட்ட நடிகர் ஒருவர் கதவை அறைந்து சாத்தினார். “யாரும் நகரக் கூடாது! ஒரு பொருள் காணாமப் போயிருக்கு!”

கூட்டம் கிசுகிசுத்தபடி நின்றது. அம்மா மட்டும் செருப்பைக் கழற்றினாள். கொண்டையை அவிழ்த்து உதறினாள். சுவரைப் பார்த்துத் திரும்பி, கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

நடிகருக்கு அடுத்த வசனம் வரவில்லை. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கைகளை இறக்கியதும் முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

வெளியே வந்ததும் ஒரு பெண் வேகமாக வந்தார். “அம்மா, நீங்க இந்த நாடகக் குழுவா? அசத்திட்டீங்க!”

“ஆமாங்க, குழுதான்,” என்று நான் முந்திக்கொண்டேன்.

அவர் நகர்ந்ததும் அம்மா கேட்டாள்: “எதுக்குடி பொய் சொன்ன?”

“உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு...”

“எனக்கா, உனக்கா?”

நான் கைபேசியை எடுத்துப் பேருந்து நேரத்தைத் தேடினேன்.

பேருந்து நிறுத்தத்தில் சாலையைப் பார்த்தபடி அவளே பேசினாள். “தினமும் வேலை முடிஞ்சா கேட்டுல அப்படித்தான் நிக்கணும். முள்ளு பொடிசு பாரு, முடிக்குள்ளகூட ஒளிச்சிடலாம்னு சந்தேகம். சல்யூட்டெல்லாம் சும்மா சொன்னது.”

நான் அவள் கையைப் பிடித்தேன். மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“உங்க ஆபீஸ்ல உன்னைத் தடவிப் பாப்பாங்களா?”

“இல்லம்மா.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன்தான் அவள் கண்ணெதிரே, முகம் மாறாமல் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.