மடக்குக் கத்திக்கு வைத்த பொட்டு

என் வலது கை ஆள்காட்டி விரலின் நுனிக் கணு மடங்காது. அதனால் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. யாரையாவது திட்டும்போது நீட்டிக் காட்ட வசதியாகவே இருக்கிறது. ஆனால் அம்மா அந்த விரல் கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விரலை அப்படி ஆக்கியது ஒரு மடக்குக் கத்தி. அதற்குப் பிறகும் நான் இன்னொரு மடக்குக் கத்தி வாங்கினேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏஜென்சியில் எனக்கு வேலை. நிலங்களில் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுப்பார்கள். போட்டபிறகு வரும் புகார்களைப் போய்ப் பார்ப்பது என் பாடு. பனமலைப் பக்கம் ஒருநாள், சீயமங்கலம் பக்கம் ஒருநாள் என்று ஸ்கூட்டியில் சுற்றுவேன். குழாயை எலி கடித்திருக்கும், அணில் கடித்திருக்கும், களை எடுக்கும்போது யாராவது சேர்த்து வெட்டியும் இருப்பார்கள். வெட்டியவர்கள் ஒருவர்கூட இதுவரை ஒப்புக்கொண்டதில்லை, பழி எல்லாம் அணில் மேல்தான். கெட்டுப்போன துண்டை நறுக்கி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்து மாட்ட வேண்டும். அதற்குக் கத்தி வேண்டும். உரமூட்டையின் தையலைப் பிரிக்க, நைலான் கயிறு அறுக்க, நிலத்துக்காரர்கள் பிரியமாகக் கொடுக்கும் கொய்யாவை நறுக்க எல்லாவற்றுக்கும் அதே கத்திதான்.

முதல் கத்தி ஒரு டார்ச் லைட்டோடு இலவசமாக வந்தது. இலவசமாக வந்ததற்கு நன்றாக வெட்டுகிறதே என்று பெருமையாக வைத்திருந்தேன். திறந்த அலகை மடங்காமல் நிறுத்தும் லாக் அதில் கிடையாது. பனமலைக்குப் பக்கத்தில் ஒரு மிளகாய்த் தோட்டத்தில், கத்தி நுனியால் குழாயில் குத்தித் துளை போடப் பார்த்தேன். துளை விழவில்லை. அலகு மடங்கி, பிடித்திருந்த என் விரல் மேலேயே மூடிக்கொண்டது. தோட்டத்துக்கார அம்மா தன் புடவையைக் கிழித்துக் கட்டி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். தையல் போட்ட டாக்டர் விரலை மடக்கச் சொன்னார். மற்ற கணுக்கள் மடங்கின, நுனி மட்டும் எனக்கென்ன என்று நின்றது. தசைநார் அறுந்துவிட்டது என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனும் ஆனது. நுனி கடைசிவரை மடங்கவில்லை.

நைனா இறந்தபிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவின் ஆடுகளைச் சேர்த்தால் கூட்டம் அதிகம். கட்டுப் பிரித்த அன்றே அம்மா ஆரம்பித்தாள்.

"கத்தி புடிக்கிற வேல உனக்கு இன்னாத்துக்குடி? பஜார்ல ஜெராக்ஸ் கடைக்கு ஆள் கேக்குறாங்க. ஃபேனுக்கு அடியில உக்காந்துனு இருக்கலாம்."

ஜெராக்ஸ் கடையில் ஃபேன் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காய்ந்து கிடக்கும் வரிசையில் மறுபடி தண்ணீர் சொட்ட ஆரம்பிக்கும்போது எனக்கு வரும் சந்தோஷம், ஆதார் கார்டை நகல் எடுத்தால் வராது. இன்னொன்றும் உண்டு. எங்கள் குடும்பத்துக்குக் கையகல நிலம்கூட இருந்ததில்லை. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் குனிந்து கூலிவேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர்கள். அதே நிலங்களில் நான் போய் இறங்கினால் இப்போது நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள். அந்த நாற்காலியை விட எனக்கு மனசில்லை.

தினமும் இதே சண்டை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "லாக் இருக்கிற கத்தியா வாங்குறம்மா. அது என் கையில மடங்குச்சின்னா வேலைய வுட்டுடறேன், போதுமா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா இதற்காகவே காத்திருந்தவள் போல எழுந்தாள். "சாமி முன்னாடி வந்து சொல்லு" என்றாள். சொன்னேன். அதன்பிறகு என் வேலை மொத்தமும் நான் வாங்கப்போகும் கத்தியின் லாக்கில் வந்து நின்றது.

பஜாரில் பெயின்ட், பூட்டு, கயிறு, தாழ்ப்பாள் எல்லாம் விற்கும் பழைய கடை ஒன்று இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் அதை நடத்துகிறது.

"மடக்குக் கத்தி இருக்குதாண்ணா?"

"வீட்டுக்காரருக்கா மேடம்?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "காய் நறுக்கவா? அதுக்கு வேற நல்லதா இருக்குதே."

காய் நறுக்க இல்லை என்று தெளிவானதும் முதலில் சிவப்புப் பிடி போட்ட ஒன்றை எடுத்தார். அதற்குள் கத்தி, கத்தரிக்கோல், சின்ன ரம்பம், திருப்புளி என்று ஒரு குடித்தனமே மடங்கிக் கிடந்தது. முறுக்கிய கம்பி ஒன்றும் இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காது குடையறதுக்கு மேடம்" என்றார். அந்தக் கம்பியால் காது குடைந்தால் இன்னொரு ஆபரேஷன்தான். இத்தனை சாமான்கள் ஒரே ஆணியில் நிற்பதால் கத்தியும் லேசாக ஆடியது. வேண்டாம் என்றேன்.

அடுத்தது பிடியில் டிராகன் படம் போட்டது. பட்டனை அழுத்தினால் அலகு துள்ளி வெளியே வரும். "கோட்டைக்கு வர்ற பசங்க இதத்தான் கேட்டு வாங்குறாங்க" என்றார். வயலில் நின்று இதைத் திறந்தால் அணில் பயப்படுமோ இல்லையோ, நிலத்துக்காரர் பயந்து ஓடிவிடுவார். போலீஸ்காரர் பார்த்தால் கதை வேறு.

"சும்மா சாதாரணமா ஒண்ணு இல்லியாண்ணா?"

அடித்தட்டிலிருந்து தூசி படிந்த டப்பா ஒன்று வந்தது. உள்ளே கறுப்புப் பிடி போட்ட கத்தி, படம் இல்லை, பளபளப்பு இல்லை. திறந்தேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. பிடிக்குள் இருந்த தகடு ஒன்று நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டிக்கொண்டது. அதுதான் லாக். தகட்டை விரலால் ஒதுக்கினால் ஒழிய அலகு மடங்காது. நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. முதுகுப் பக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பில் வைத்து அழுத்தினேன், அசையவில்லை. கடைக்காரர்தான் கண்ணாடி உடைந்துவிடும் என்று பதறினார். அவர் பாட்டிலிலிருந்தே கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் கையை நனைத்துக்கொண்டு, ஈரக்கையோடு திறந்து மூடினேன். பிடி சொரசொரப்பு, வழுக்கவில்லை. என் ஆள்காட்டி விரலை நம்ப முடியாது என்பதால் இடது கட்டைவிரலாலும் திறந்து பார்த்தேன். அலகு என் உள்ளங்கை அகலத்தைவிடக் குறைவுதான். குழாய் அறுக்க அதற்குமேல் நீளம் எதற்கு? உரமும் வேர்வையும் படுகிற வேலை, ஆகவே துருப்பிடிக்காத ரகம்தானா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்ளோ பாக்க மாட்டாங்க மேடம்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது சரிதான். அவர்கள் என் விரலை மட்டும்தான் பார்த்தார்கள்.

கத்தியை பாக்கெட் கத்தி என்கிறார்கள். என் சுடிதார் ஒன்றில்கூட பாக்கெட் இல்லை. கைப்பைக்குள் போட்டால் சாவிக்கும் சில்லறைக்கும் அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. எங்கள் தெரு டெய்லரக்காவிடம் ஐந்து சுடிதார்களையும் கொடுத்து, வலது பக்கம் கெட்டித் துணியில் ஆழமாகப் பாக்கெட் வைக்கச் சொன்னேன். செல்போனுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டில் அம்மாவுக்குச் செய்து காட்டினேன். வாசற்படிக் கல்லில் கத்தியின் முதுகை வைத்து என் எடை முழுவதையும் போட்டு அழுத்தினேன். அம்மா குந்தி உட்கார்ந்து பார்த்தாள். "திரும்பப் பண்ணு" என்றாள். பண்ணினேன். மறுபடி மூடித் திறக்கச் சொன்னாள். 'டக்' சத்தம் கேட்டதும், "அந்தச் சத்தம் வந்தாதான் லாக்கு வுழுந்துச்சுனு அர்த்தமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதிலிருந்து நான் வீட்டில் எங்கே கத்தியைத் திறந்தாலும் அம்மா காதைத் தீட்டிக்கொள்வாள். அடுப்படியில் இருந்தபடியே "ம்" என்று ஒரு குரல் வரும்.

மாதங்கள் போயின. பங்ச்சர் கடையில் காற்றடித்துக் கத்திக்குள் இருக்கும் தூசியை ஊதிவிடுவேன். மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவேன். கத்தி ஒருநாள்கூடக் காலை வாரவில்லை. காலையில் ஸ்கூட்டியை எடுக்கும்போது அம்மா, "உன் புருஷன எடுத்துக்கினியா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள். ஜெராக்ஸ் கடைப் பேச்சு குறைந்தது.

ஆயுதபூஜை வந்தது. அம்மா அரிவாள்மணையைக் கழுவி வைத்தாள். ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் துறட்டி, என் ஸ்பேனர்கள், ஸ்கூட்டிச் சாவி எல்லாம் பலகையில் வரிசையாக வந்தன. பிறகு நான் கேட்காமலேயே கையை நீட்டி, "அதையும் குடு" என்றாள். என் விரலை வெட்டிய சாதியில் பிறந்த கத்தியை அம்மா தன் கையால் வாங்கி வைத்தாள். மூடியிருந்த கத்தியின் தலைப்பக்கம்தான் நெற்றி என்று எடுத்துக்கொண்டு, அங்கே ஈரச் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. அது கத்தியின் மூட்டு இருக்கும் இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? மறுநாள் பூஜையிலிருந்து எடுத்தபோது காய்ந்துபோயிருந்தது. அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அன்று லீவு, வீட்டில் இருந்தேன். மத்தியானம் அம்மாவின் அலறல் கேட்டு ஓடினேன். எங்கள் தெருவுக்குப் பின்னால், மலையடியில் ஒருவர் மல்லாட்டை போட்டிருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். பன்றி வராமலிருக்கச் சுற்றிலும் குச்சி நட்டு நைலான் வலை கட்டியிருந்தார். அம்மாவின் செவலை ஆடு தழைக்கு ஆசைப்பட்டுத் தலையை வலைக்குள் விட்டுவிட்டது. ஒரு கொம்பும் கழுத்தும் மாட்டி, அது இழுக்க இழுக்க இறுகிக்கொண்டிருந்தது. சினை ஆடு. தாய் செத்த குட்டியாக வந்து, அம்மா பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தது. அம்மா அதன் வயிற்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஆட்டின் நாக்கு வெளியே வந்திருந்தது.

"அறுடி! கத்திய எடுத்து அறுடி!"

எடுத்துத் திறந்தேன். அலகு பாதி வந்து நின்றுவிட்டது. இடது கையால் பிடித்து இழுத்தேன். நறநறவென்று முழுதாக வந்தது. சத்தம் வரவில்லை. பார்த்தால் தகடு நகரவில்லை, அது வந்து முட்ட வேண்டிய இடத்தில் மஞ்சளாகக் கெட்டி தட்டிப்போய் ஏதோ அடைத்திருந்தது. என்ன என்று உடனே தெரிந்துவிட்டது. லாக் விழாவிட்டால் இதுவும் அந்த டார்ச் லைட் கத்தி மாதிரிதான். ஆடு கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. மெதுவாக அறுத்துவிடலாம் என்று வலைக்குள் விரலைக் கொடுத்தேன்.

"லாக்கு வுழுந்துச்சா?" என்றாள் அம்மா. "எனக்குச் சத்தம் கேக்கலியே."

"வுழல. பரவால்ல, நான் பாத்து..."

அம்மா ஆட்டிலிருந்து ஒரு கையை எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. "ஆடு போனா போவுது. கத்திய கீழ போடு."

போட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. ஓடிப்போய் வலை கட்டியிருந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நான்காவது குச்சியில் வலை தொய்ந்தது. அம்மா கொம்பைப் பின்பக்கம் திருப்பி உருவினாள். ஆடு கீழே விழுந்து, எழுந்து, இருமி, கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பிடுங்கிய வலையைத் தாண்டிப் போய் மல்லாட்டைத் தழையைக் கடித்தது. அதன் முதுகில் நான் ஓங்கி ஒன்று வைத்தேன்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கத்தியை ஊசியால் குடைந்தேன். பழைய பேப்பரில் மஞ்சள் பொடி உதிர்ந்தது. அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள். கத்தி மடங்கவில்லைதான், ஆனால் நிற்கவும் இல்லை. சாமி முன்னால் சொன்ன வார்த்தையை எடுக்கப்போகிறாள் என்று நினைத்து, குனிந்த தலை நிமிராமல் குடைந்துகொண்டிருந்தேன்.

"அது இன்னாது?"

"மண்ணு."

அம்மா ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தாள். சந்தன வாசனை. "வேலைய வுட்டுடுனு சொல்லணும்னு வழியெல்லாம் நெனச்சுனு வந்தேன்" என்றாள். "இப்ப எந்த மூஞ்ச வெச்சுனு சொல்லுவேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அழுதாள். நான் மூட்டில் எண்ணெய் விட்டு, காதருகே கொண்டுபோய் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "மடங்குற எதுக்கும் இனிமே பொட்டு வெக்காதம்மா" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

செவலை ஆடு இரண்டு குட்டி போட்டது. அடுத்த ஆயுதபூஜைக்கு அம்மா என் கத்தியை வெற்றிலை மேல் வைத்து, பக்கத்தில் ஒரு சாமந்திப்பூ மட்டும் வைத்தாள். அரிவாள்மணைக்கும் துறட்டிக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வைத்து முடித்தபிறகும் கிண்ணத்தில் சந்தனம் மீதி இருந்தது. என் வலது கையைப் பிடித்து இழுத்தாள். ஆள்காட்டி விரலின் தழும்பு மேல் சந்தனத்தைத் தடவி, குங்குமம் வைத்தாள்.

"இன்னாம்மா இது?"

"மடங்குறதுக்குத்தான வெக்கக் கூடாதுன்ன? இது மடங்காதில்ல."

அன்று மத்தியானம் நான் ஸ்பூனால்தான் சாப்பிட்டேன்.