தோள்பட்டை என்று சொன்னார்கள்

என் இரண்டு அக்குளிலும் இருந்தது மார்பகச் சதை. மாரில் இருக்க வேண்டியது கைக்கடியில் வளர்ந்திருந்தது. மாதவிலக்குக்கு முன்னால் வீங்கிக் கல்லாகும். மகள் பிறந்த சமயத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆகிவிட்டது. கையை உடம்போடு ஒட்டி வைக்கவே முடியாது. நான் மல்லாபூரில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போகிறவள். நாள் முழுக்கக் கை ஆடிக்கொண்டே இருக்கும். ரவிக்கை உரசித் தோல் உரியும். பவுடர் போட்டுப் போட்டுப் பல வருஷம் ஓட்டினேன். ஒரு கட்டத்தில் முடியவில்லை. வெட்டி எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் நானே சொன்னேன்.

எங்கள் வீட்டில் யாரும் மார்பு என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். "அந்த இடம்" என்பார்கள். ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் ஆட்டோவிலேயே மாமியார் முடிவு செய்துவிட்டார்.

"யாராச்சும் கேட்டா புஜம் ஆபரேஷன்னு சொல்லு."

புஜம் என்றால் இந்த ஊர்த் தெலுங்கில் தோள்பட்டை. தமிழில் சொன்னால் பொய், தெலுங்கில் சொன்னால் பொய்யில்லை போலிருக்கிறது.

"தோளுக்கும் இதுக்கும் என்ன அத்தை சம்பந்தம்?"

"பக்கத்துலதான இருக்கு."

கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாதாடத் தெம்பில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தூக்கினால் உள்ளே நீர் கட்டும், தையல் பிரியும், மறுபடி திறக்க வேண்டி வரும். அப்படி ஆனால் லீவு நீளும். லீவு நீண்டால் கம்பெனியில் என் இடத்தில் வேறு ஒருத்தி நிற்பாள். அதனால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தேன். மேல்கையின் உள்பக்கம் மரத்துப் போயிருந்தது. தொட்டால் அடுத்தவள் கையைத் தொடுகிற மாதிரி இருந்தது. புரண்டு படுக்க முடியாது. தலை வார முடியாது. மாமியார்தான் வாரிப் பின்னிவிட்டார், சோறு பிசைந்து ஊட்டினார். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. பேச்சில்தான் எல்லாம்.

மாடி வீட்டு அக்கா பார்க்க வந்தார். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் இங்கேயே ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். மாமியார் சொன்னதைக் கேட்டதும் கண்ணை விரித்தார்.

"ரெண்டு புஜமுமா பெரியம்மா? ஒரே தடவையிலயா?"

"ஹவ்," என்று இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் போட்டார் மாமியார். "ரெண்டும் சேர்ந்து பிடிச்சுக்கிச்சு."

"ஐயோ, இப்படித் தொங்கவிட்டு வெக்க நக்கோம்மா, வேணாம். இறுகிப் போயிடும். எனக்குப் புஜம் பிடிச்சப்ப நானும் இப்படித்தான் வெச்சுக்கிட்டுக் கெட்டேன். எந்திரி. சுவத்துல விரலை வெச்சுப் பல்லி மாதிரி மேல ஏத்து."

"டாக்டர் தூக்கக் கூடாதுன்னாருக்கா."

"எந்த டாக்டரு? புஜத்துக்குத் தூக்கக் கூடாதுன்னு எவன் சொல்லுவான்?"

அவர் கேட்டது நியாயம். புஜத்துக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். அதற்குள் அக்கா என் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். நல்ல மனசு, பலமான கை. உள்ளே பழந்துணி கிழிகிற மாதிரி இருந்தது. நான் கத்திய கத்தலில் அவரே பயந்து கையை விட்டார்.

சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கம் வீங்கிவிட்டது. மறுநாள் மறுபடி ஆஸ்பத்திரி. ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தார்கள். ஓரத்தில் தையல் விட்டிருந்தது. யார் தூக்கச் சொன்னது என்று டாக்டர் கேட்டார்.

"தூக்கத்துல தூக்கிட்டா போலிருக்கு டாக்டர்," என்றார் மாமியார்.

எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது. மூச்சை இழுத்தாலே வலித்தது, அதனால் கத்தவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் திறந்துதான் ஆக வேண்டும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அக்கா சுடவைத்த எண்ணெயோடு இறங்கி வந்தார். உருவிவிட்டால் சரியாகிவிடுமாம். மாமியார் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது.

"அக்கா, இது தோள் இல்ல. மார்ல இருக்கிற சதை எனக்கு அக்குள்ல வளர்ந்திருந்துச்சு. அதை வெட்டி எடுத்திருக்காங்க. ரெண்டு பக்கமும் தையல். தொடாதீங்க."

"அடியே!" என்றார் மாமியார்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "கேன்சரா?"

"இல்ல. வெறும் சதை."

"பின்ன ஏன் வெட்டிக்கிட்டே?"

"வலிச்சுது."

அவர் மாமியார் பக்கம் திரும்பினார். "என்ன பெரியம்மா நீங்க? தையல் போட்ட பொண்ணு கையை என்னை இழுக்க விட்டுட்டு நின்னீங்களே. நான் என்ன பேயா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

"மானம் போச்சு," என்றார் மாமியார்.

"சொல்லலைன்னா கை போயிருக்கும் அத்தை."

கணவர் வேலையிலிருந்து வந்ததும் மாமியார் அவரிடம் புகார் சொன்னார். "விடும்மா, சொன்னது சொல்லியாச்சு," என்றார் அவர். எனக்காகப் பேசினாரா, பேச்சு முடிந்தால் போதும் என்று பேசினாரா, தெரியாது. கேட்கவும் இல்லை.

சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "கீழ் வீட்டுல கேட்டா இப்ப என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க. வாய் வரலைன்னா இங்க அனுப்புங்க, நான் சொல்லிக்கிறேன்."

பாத்திரம் ஒன்று வேகமாகக் கீழே வைக்கப்பட்டது. நான் இரண்டு பக்கமும் தலையணையை வைத்துக் கையை அதன்மேல் போட்டுக்கொண்டு படுத்தேன். வலித்தது. ஆனால் கையைத் தூக்கச் சொல்லி அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.