முருகேஸ்வரி போட்ட பத்து

போன வாரம் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை... அதனால் இந்த வாரம் பத்தி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள் முருகேஸ்வரி. தென்காசிப் பக்கத்துப் பெண். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளகழிச்சு அம்மைக்கு ஆபரேஷன்க்கா. உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாக்கணும்னு அழுதா. லீவு வரலக்கா."

லீவு கேட்க அங்கே ஒரு ஆப். அவசரம் எவ்வளவு என்று ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். பத்துதான் பெரிய அவசரம். ஒரு உற்பத்தி லைனில் ஒரு நாளைக்கு இரண்டு பேருக்குத்தான் லீவு. முடிவான லிஸ்ட் முந்தின நாள் காலையில் வரும், அதற்குப் பிறகு மாற்ற முடியாது. முருகேஸ்வரி பத்து போட்டிருந்தாள். ஆப் அவளைக் கடைசியில் நிறுத்தியிருந்தது!

சூப்பர்வைசரிடம் கேட்டாளாம். "நான் இன்னாம்மா பண்றது, சிஸ்டம்ல வர்லியே" என்றாராம். காரணம் என்ற கட்டத்தில் 'அம்மாவுக்கு ஆபரேஷன்' என்று தமிழில் எழுதியிருக்கிறாளே... அதைப் படிக்க ஒரு மனிதர்கூடவா இல்லை?

நானும் சாப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவள்தான். கேட்டதுமே புரிந்துவிட்டது. பைத்தான் மொழியோடு கூடவே வரும் லைப்ரரியில் முன்னுரிமை வரிசைக்கு ஒரு ஏற்பாடு உண்டு. அது சிறிய எண்ணைத்தான் முதலில் வெளியே அனுப்பும். முன்னால் யார் என்பதில் மட்டும்தான் அதற்கு அக்கறை. பின்னால் நிற்பவர்கள் எப்படி நின்றாலும் கவலையில்லை. பெரிய எண் முதலில் வர வேண்டுமா? உள்ளே போடும்போதே ஒரு மைனஸ் சேர்க்க வேண்டும். அப்போது மைனஸ் பத்துதான் எல்லாவற்றிலும் சிறிய எண். அதை எழுதியவர் மறந்திருக்கிறார்.

"அதை கேன்சல் பண்ணு. ஒண்ணு போட்டுத் திரும்ப அனுப்பு" என்றேன். என் எதிரிலேயே அனுப்பினாள்.

அத்தோடு விட்டேனா? அந்த ஆப்பை எழுதிய தினேஷ் அடுத்த தெருக்காரன். நேரே போய்க் கத்தினேன்.

"இன்னாக்கா இப்டி கத்துற? லைப்ரரியே அப்டித்தான் கீது."

"அது அப்படித்தான்னு முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கான். படிச்சியா? ஒரு பொண்ணு அங்க அழுதுகிட்டு இருக்கா!"

தெருவே எட்டிப் பார்த்தது. அவன் லேப்டாப்பைத் திறந்து, என் கண் முன்னாலேயே ஒரு மைனஸ் போட்டான். ஜெயித்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை காலையில் வியாழக்கிழமைக்கான லிஸ்ட் வந்தது. பல்வலிக்கு ஐந்து போட்டவருக்கும், கிரகப்பிரவேசத்துக்கு நான்கு போட்டவருக்கும் லீவு. முருகேஸ்வரி மறுபடியும் கடைசி.

ஆமாம். வரிசை சரியாகிவிட்டது. அவளுடைய பத்தை ஒன்றாக மாற்றியது நான். எழுதிய தினேஷ் மேல், படிக்காத ஆபீஸ் மேல் எனக்கு வந்த கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில், ஐந்து நிமிஷம் முன்னால் நானே அவளிடம் சொன்னதை மறந்துபோனேனே!

சொல்லாமல் ஊருக்குப் போனால் கான்ட்ராக்ட்காரிக்குத் திரும்ப கேட் திறக்காது. வியாழக்கிழமை, அம்மா தியேட்டருக்குள் போன நேரத்தில் அவள் லைனில் நின்றிருந்தாள். அம்மா பிழைத்துக்கொண்டார். மகள் முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே போனார்.

சாயங்காலம் படியில் என்னைப் பார்த்ததும் முருகேஸ்வரி மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க சொன்னாப்ல ஒண்ணுதாம்க்கா போட்டேன்."

தினேஷிடம் நான் கத்தியதைப் போல அவளும் என்னிடம் கத்தியிருக்கலாம்.