ஆடாத மூன்று கால்

போட்டோ எடுக்கிறவனுக்குக் கண் மங்கினால் கண்ணாடி போட்டுச் சமாளிக்கலாம். கை ஆடினால் மூன்று கால் ஸ்டாண்ட் வாங்கியே தீரவேண்டும். மங்கிப்போன படத்தை நீட்டி, "இதுதாங்க இப்போ ஸ்டைல்" என்று சொல்லித் தப்பித்த சக தொழிலாளிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தொழிலை யாரிடமும் கற்கவில்லை. ஃபிலிம் ரோல்களை வீணாக்கிக் கற்றேன். முப்பது வருஷம் ஸ்டாண்ட் இல்லாமலே ஓட்டினேன். வெளிச்சம் குறைந்த இடத்தில் என் மனைவி லலிதா பக்கத்தில் வந்து நிற்பாள். அவள் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எடுப்பேன். புடவை கசங்குகிறது என்று முணுமுணுப்பாள், ஆனால் அசையமாட்டாள். அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் என் வலது கை லேசாக ஆட ஆரம்பித்தது. கை ஆடுகிறவனிடம் யார் கல்யாணத்தைக் கொடுப்பார்கள்? விஷயம் வெளியே தெரிவதற்குள் ஒரு ஸ்டாண்ட் வாங்கியாக வேண்டும். கையில் இருந்தது மூவாயிரம் ரூபாய்.

ஐந்து கிலோ தாங்கும்

நேரு வீதியில் கேமரா சாமான் விற்கும் பாய் எனக்குப் பழக்கம். இரண்டு ஸ்டாண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று கனமாக, கம்பீரமாக இருந்தது, விலையும் அப்படியே. இன்னொன்று என் விலைக்கு வந்தது. பெட்டியில் ஐந்து கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. காலை இழுத்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து துண்டுகள் வந்தன. கடைசித் துண்டு பென்சில் கனம்தான்.

வாங்குமுன் ஸ்டாண்டின் தலையில் கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அழுத்தினேன். மூன்று காலும் பாசியில் மிதித்த மாதிரி அகன்றன. பாய் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அண்ணே, ஏண்ணே இப்படி அமுக்கறீங்க? கேமராவத்தான வெக்கப்போறீங்க, நீங்களா ஏறி உக்காரப்போறீங்க?"

கும்பிடு

அதையே வாங்கினேன். கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்வது இப்போதைய வழக்கம். அப்படி ஒரு ஜோடி விடியற்காலையில் கடற்கரைச் சாலைக்கு வந்தது. மாப்பிள்ளை கோட்டும் டையுமாக வேர்த்துக்கொண்டிருந்தார். பெரிய லென்ஸை மாட்டி, முகங்களைச் சரிபார்த்துவிட்டு, ரிமோட்டைக் கையில் பிடித்துத் தள்ளி நின்றேன். கேமராவைத் தொடவே வேண்டாம். நிம்மதியாக அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

லென்ஸ் கனம் தாங்காமல் ஸ்டாண்டின் தலை மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டு போனது எனக்குத் தெரியாது. பிறகு பார்த்தால் முதல் படத்தில் முகம், பத்தாவதில் டை, இருபதாவதில் பெல்ட், கடைசியில் ஷூ. பொண்ணுதான் முதலில் கவனித்தது. "அங்கிள், எங்க வருங்கால மாமியார்கூட எனக்கு இவ்ளோ மரியாத குடுக்கல. உங்க கேமரா குனிஞ்சு கும்பிடுது பாருங்க!"

அகத்திக்கீரை

லேசான ஸ்டாண்டுக்கு நடுவில் ஒரு கொக்கி இருக்கும். அதில் கனமான பையைத் தொங்கவிட்டால் ஆடாது. ஸ்டாண்டின் தலையைப் பிளையரால் முறுக்கி இறுக்கிக்கொண்டு, மூலக்குளத்தில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். வழியில் பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கிய பையை, கூடத்தில் நிறுத்திய ஸ்டாண்டின் கொக்கியில் மாட்டினேன். அடியில் நாலு கிலோ சேனைக்கிழங்கு, மேலே ஒரு கட்டு அகத்திக்கீரை. ஸ்டாண்ட் மலை மாதிரி நின்றது.

கிரகப்பிரவேசம் என்றால் முதலில் பசுவும் கன்றும் உள்ளே வரும் என்பதை முப்பது வருஷமாகப் படம் எடுக்கிற நான் மறந்திருக்கக் கூடாது. மாடு பூஜையைப் பார்க்கவில்லை, ஐயரைப் பார்க்கவில்லை. நேராக என் பைக்கு வந்தது. நான் கேமராவைக் கழற்றிக் காப்பாற்றினேன். கீரையோடு சேர்ந்து ஸ்டாண்டும் கூடம் முழுக்கச் சுற்றியது. ஒரு கால் முறிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனால் வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்: "போன தடவ எங்க நாத்தனார் வூட்ல மாடு வாசல்லயே நின்னுடுச்சு, உள்ள வரவே மாட்டேன்னுச்சு. எங்க பையன் வூடு கட்டும்போதும் நீங்கதான் வரணும், கீரையோட வாங்க!"

படியை அளக்க வந்தவர்

மிச்சமிருந்த காசுக்குப் புது ஸ்டாண்ட் எதுவும் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில், பழைய இரும்புக்கு நடுவே, நிலம் அளக்கிறவர்கள் வைத்திருக்கும் மரக்கால் ஸ்டாண்ட் ஒன்று படுத்துக்கிடந்தது. மஞ்சள் பெயின்ட், இரும்பு முனை, ஏழு கிலோ. அழுத்திப் பார்த்தேன், என் கைதான் வலித்தது. லேத் பட்டறையில் ஒரு போல்ட் கடைந்து வாங்கி, கேமரா பொருந்தும்படி செய்துகொண்டேன்.

சோதித்துப் பார்க்க எங்கள் தெருமுனையில் நிறுத்தி, குனிந்து ஒரு கண்ணை மூடினேன். பத்து நிமிஷத்தில் தெரு மாறிவிட்டது. மளிகைக்கடைக்காரர் வெளியே நீட்டியிருந்த பலகையை உள்ளே இழுத்தார். ஒருவர் சாக்கடைமேல் வைத்திருந்த பூந்தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரோட்டை அகலப்படுத்த ஆள் வந்துவிட்டது என்று பேச்சு. நான் தொப்பி போட்டிருந்ததால் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு அம்மா டம்ளரில் மோருடன் வந்து காதோடு காதாகச் சொன்னார்: "சார், எங்க வூட்டுப் படி வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து இருக்குது. பக்கத்து வூட்டுப் படிதான் போன மாசம் கட்டினது, அத மொதல்ல அளங்க."

அசையாம நில்லுங்க

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். வீட்டில் மனைவிகூட அவரைப் பிரெஞ்சில் மிசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார். போன கிறிஸ்துமஸுக்கு அவரையும் அவர் மனைவியையும் நான் எடுத்த படம் மங்கல் என்று பிரான்சிலிருந்து பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அப்படியும் அந்த அம்மா கல்யாண நாள் படத்துக்கு என்னையே கூப்பிட்டார். இதுவும் மங்கினால் ஸ்டூடியோவை மூடிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் மரக்காலைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன புதிது. ஃபிளாஷ் கூடாது, ஜன்னலையும் பாதிதான் திறக்கலாம். படம் பதிய ஒரு முழு விநாடி ஆகும். அம்மா நாற்காலியில் உட்கார, பெரியவர் பின்னால் விறைப்பாக நின்று அவர் தோளில் கையை வைத்தார். "அசையாம நில்லுங்க" என்று சொல்லி, டைமரை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் புருவத்தில் நரைமுடியை எண்ணலாம். சுவரில் விரிசல்கூடத் தெளிவு. பெரியவரின் கை மட்டும் புகை மாதிரி இருந்தது. அந்த ஆட்டம் எனக்குப் புதிதல்ல. "இன்னொண்ணு எடுத்துடறேம்மா, ஐயா கையக் கீழ போட்டுக்கட்டும்" என்றேன். அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். என் கையையும் ஒரு முறை பார்த்தார். "வேணாம் தம்பி, இதுவே இருக்கட்டும். இந்த மிசியே கை ஆடாம இருந்தா, அம்மா வேற எவனோடயோ நின்னு படம் புடிச்சிருக்காளேன்னு புள்ளைங்க சந்தேகப்படும்."

முப்பது வருஷம் என் முழங்கையைத் தாங்கிய தோளுக்குப் பதிலாக இப்போது ஏழு கிலோ மரத்தை நான் தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன். ஆடாமல்தான் நிற்கிறது, ஆனால் புடவை கசங்குகிறது என்று ஒரு வார்த்தை முணுமுணுக்க அதற்குத் தெரியவில்லை.