கம்பில் கட்டிய தீபாவளித் துண்டு

கழுவெளி ஏரிச் சேற்றில் கால் வைத்தால் முதலில் தெரிவது குளிர்ச்சி, அப்புறம் வழவழப்பு. அதற்கும் அடியில் சிப்பிகள் நறநறவென்று பாதத்தில் குத்தினால் வழி சரி. குத்தாமல் கால் மெத்தென்று இறங்கினால் வழி தப்பிவிட்டது. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிக் கிடந்த எங்கள் திட்டிலிருந்து கடைக்கோ பள்ளிக்கோ போக, ஏரியில் ஆழம் குறைந்த அந்தத் துறையில் இறங்கித்தான் நடப்போம். ரோடு வருவதற்கு முன்னால் உப்பு மூட்டை சுமந்த மாடுகள் கடந்த இடம் அது. மாடு ஓட்டியவர்கள் தண்ணீர் வடியட்டும் என்று காத்துக் கிடந்து, கடைசியில் அங்கேயே குடிசை போட்டுத் தங்கிவிட்டதால் உண்டானதுதான் எங்கள் குடியிருப்பு என்பார்கள்.

கரையில் ஒரு சவுக்குக் கம்பு நட்டிருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி முகத்துவாரத்தைப் பார்த்து வேகமெடுத்தால், முதலில் கண்டவர் அந்தக் கம்பில் ஒரு கந்தலைக் கட்டிவிட வேண்டும். அதற்கு எங்கள் திட்டில் "தடுப்புத் துணி" என்று பெயர். துணியைப் பார்த்தவர்கள் இறங்காமல் உப்பள வரப்பு வழியாக வெகுதூரம் சுற்றிக்கொண்டு போவார்கள். கம்பு வெறுமனே நின்றால் யோசிக்காமல் இறங்கலாம்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், தீபாவளி முடிந்து மழை விடாமல் அடித்த நாட்களில், அப்பா ஒரு நாள் காலையில் துறை வழியாக வீடு திரும்பியபோது தண்ணீர் கழுத்துவரை ஏறி அவரையே இழுத்திருக்கிறது. கரையேறியவர் கந்தல் தேடிக் கிடைக்காமல், தலையில் கட்டியிருந்த பச்சைக்கரை போட்ட தீபாவளித் துண்டை அவிழ்த்துக் கம்பில் கட்டிவிட்டு, வரப்பு உடைந்துவிடப் போகிறதே என்று நேராக உப்பளத்துக்கு ஓடிவிட்டார்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை நண்டு பிடிக்க அங்கே வந்தாள். யார் எதை எங்கே மறந்து வைத்தாலும் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறவள் அவள். தடுப்புத் துணி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தீபாவளியன்று அப்பா தலையில் பார்த்த, சாயம்கூடப் போகாத புதுத் துண்டை யாராவது அதற்குக் கட்டுவார்களா? அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நண்டுப் பொந்து தேடிக் கரையோரமாகவே போய்விட்டாள்.

அதன் பிறகுதான் அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். "உலை வச்சிருக்கேன், பொங்கிடாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தை நண்டோடு வந்து துண்டை என்னிடம் கொடுத்தாள். நான் அதைக் கொடியில் போட்டேன். எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து அவள் நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா நனைந்து வந்தார். கொடியைப் பார்த்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"கம்புல மாட்டிட்டு மறந்துட்டுப் போயிட்டியேண்ணே. எவனாச்சும் எடுத்துனு போயிடுவான்னு நாந்தான் எடுத்துனு வந்தேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "அம்மா எங்கடி?"

"ரேஷன் கடைக்குப் போச்சுப்பா."

அவர் ஓடினார். அத்தை கையிலிருந்த நண்டைக் கீழே போட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடினாள். உலை பொங்கியது. நான் போய் மூடியைத் திறந்து வைத்தேன்.

சாயங்காலம் முகத்துவாரத்துப் பக்கம், சவுக்குத் தோப்போரம் அம்மாவைக் கண்டெடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. யாரும் அத்தையைத் திட்டவில்லை. "நல்லதுக்குத்தான செஞ்சா" என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார்.

இப்போது ஈசிஆர் பாலத்தில் பஸ் இமைக்கும் நேரத்தில் அந்தத் தண்ணீரைத் தாண்டிவிடுகிறது. திட்டிலிருந்தவர்கள் எல்லோரும் ரோட்டோரத்துத் தொகுப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம். திட்டின் மேல் வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. துறை எது என்று கேட்டால் என்னாலேயே காட்ட முடியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் போனைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போனபோது குடையை மறந்து வைத்துவிட்டேன். இரண்டு வீடு தள்ளித்தான் நாங்கள் இருக்கிறோம். மழை வந்து போயும் குடை வரவில்லை. நானே போனேன். சுவரில் சாய்த்தபடியே நின்றது. வீடு முழுக்கப் பெருக்கியிருந்தவள் குடையைச் சுற்றி மட்டும் பெருக்காமல் விட்டிருந்தாள்.

"உன்னுதுன்னு தெரியும்மா" என்றாள் அத்தை. "நீயே எடுத்துக்கோ."