ஏகமனதாக இடித்த குசினி

மூன்று வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு அது நடந்தது. இடம், பாரிஸ் லா சப்பலில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் வீடு. நாளையும் நேரத்தையும் குறித்து வைப்பது என் பழக்கம். சங்கச் செயலாளர் வேலையை என் தலையில் கட்டியதற்கும் அதுதான் காரணம்.

வீடு என்று சொல்கிறோமே தவிர, அது ஒரு முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய தையல் பட்டறை. ஆரம்பத்தில் தனியாக வந்து சேர்ந்த ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாடகைக்கு எடுத்து, பிறகு சங்கத்துக்கென்று வாங்கினார்கள். முன்னால் ஒரு கூடம், பின்னால் சமைக்க ஒரு குசினி. காலப்போக்கில் குடும்பங்கள் பெருகின. ஒன்றுகூடல் நாட்களில் புறநகரான லெ பிளாங்-மெனிலிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் உள்ளே இடமில்லாமல் முற்றத்தில் குடைபிடித்து நின்றார்கள். கூரையும் ஒழுகியது. குசினிச் சுவரை எடுத்துக் கூடத்தைப் பெருப்பிப்பது என்று பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். மூன்று வாரங்களுக்கு முன்பே பலசரக்குக் கடைக் கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டியிருந்தேன். வந்த எல்லோரும் கை உயர்த்தினார்கள். ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டேன்.

அந்தத் திங்களன்று சுவர் பாதி விழுந்திருந்தது. தூசிக்குள் நின்று மேசனுடன் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணை ஒருவர் மீன் பையுடன் உள்ளே வந்தார். சங்கத்தின் முதல் உறுப்பினர்களில் ஒருவர். பிரெஞ்சு உணவகம் ஒன்றில் சமையல்காரர். குடும்பம் இல்லை. ஆறாம் மாடியில் அவர் இருந்த சின்ன அறையில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் மட்டும் எங்கள் குசினிக்கு வந்து, தனக்குப் பிடித்ததைச் சமைப்பார். அன்று வேலையில்லாத இரண்டு மூன்று பேர் சேர்ந்து சாப்பிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் யோசிக்கவில்லை.

"என்ன தம்பி, குசினியைக் காணேல்லை?"

"மண்டபத்தைப் பெருப்பிக்கிறம் அண்ணை. கூட்டத்திலை எல்லாரும் ஓமெண்டவை."

"எப்ப கூட்டம்?"

"போன மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்."

அவர் சிரித்தார். "ஞாயிறு மத்தியானம் நான் வெள்ளைக்காரருக்கு மீன் பொரிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறனான்!" உடைந்த சுவரைப் பார்த்துவிட்டு, "இனி மைக்கைப் பிடிச்சுக்கொண்டு பொரிக்கவேண்டியதுதான்" என்றார்.

நானும் சிரித்தேன். அவர் பையை என்னிடம் நீட்டினார். "விளைமீன், நல்ல பச்சை மீன். வீட்டை கொண்டுபோய்க் காய்ச்சுங்கோ. என்ரை அறையிலை வச்சு என்ன செய்ய?"

நீங்களும் வாருங்கள் அண்ணை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த நிமிடமே சொல்லியிருக்கலாம். மேசன் மின் இணைப்பு எங்கே வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். "சரி அண்ணை" என்று பையை வாங்கிக்கொண்டேன். அவர் தன்னிடமிருந்த வீட்டுத் திறப்பைச் சாவி வளையத்திலிருந்து கழற்றி யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். அன்றைய என் நாட்குறிப்பில் ‘குசினிச் சுவர் இடிப்பு நிறைவு’ என்று மட்டும் இருக்கிறது. மீனை மனைவி குழம்பு வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

புது மண்டபத்தின் திறப்பு விழா மலருக்காக வீட்டின் வரலாற்றை எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஒன்று கூட்ட வரவுப் பதிவு, மற்றது வீட்டைத் திறப்பவர் கையெழுத்து வைக்கும் கொப்பி. முதலாவதில் அந்த அண்ணையின் பெயர் ஒரு தடவைகூட இல்லை. இரண்டாவதில், வருடக்கணக்காக, திங்களுக்குத் திங்கள் அவருடைய சாய்ந்த கையெழுத்து. அந்த வீட்டை அவரளவுக்குப் பாவித்தவர் வேறு எவருமில்லை. இரண்டு கொப்பிகளையும் நான்தான் வைத்திருந்தேன்; பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்ததில்லை.

விழாவுக்கு அவர் வரவில்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான்.

சில மாதங்கள் கழித்து கார் து நோர் ரயில் நிலையத்தில் அவரைக் கண்டேன். "மண்டபம் வடிவா இருக்காம், சந்தோசம்" என்றார். கோபம் துளியும் இல்லை. திங்கட்கிழமைகளில் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"படுத்திருப்பன் தம்பி. வேறை என்ன?"

வீட்டுக்கு வரச் சொன்னேன். "பாப்பம்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அதற்குப் பிறகு இரண்டு தடவை அழைத்தேன். இரண்டு தடவையும் அதே "பாப்பம்". மண்டபத்தின் ஒரு மூலையில் சின்ன அடுப்பொன்று வைக்கச் செய்து, புதுத் திறப்பும் வெட்டி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் வாங்க வரவில்லை.

மண்டபம் நிரம்பத்தான் செய்கிறது, மழையில் யாரும் நிற்பதில்லை. கூட்டக் குறிப்பும் இன்னும் நான்தான் எழுதுகிறேன். ‘ஏகமனதாக’ என்று எழுதவேண்டி வரும்போதெல்லாம், அன்று அவரில்லாமல் நாங்கள் சாப்பிட்ட அந்த மீனின் ருசி நாக்கில் வந்து நிற்கிறது.