உயிரோடு பிறந்தவை

எண்பத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர் பாப்பாரப்பட்டி வாத்தியார் ஒருவர். அரசாங்கமே வாசலுக்கு வந்துவிட்ட பெருமையில் அப்பா கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, மோர் கொண்டுவரச் சொன்னார். பெயர், வயது, படிப்பு என்று வாத்தியார் கேட்டு முடிக்கும் முன்பே அப்பாவிடமிருந்து பதில் வந்தது.

"வூட்டம்மாவுக்கு உசுரோட பொறந்த புள்ளைங்க எத்தினிங்க?"

"ரெண்டுங்க சார். பையன் ஒண்ணு, இதோ இந்தப் புள்ள ஒண்ணு."

மோர்ச் சொம்போடு வந்த அம்மா நின்றுவிட்டாள். "மூணு" என்றாள்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "பொறந்த அன்னிக்கே போன பொட்டப்புள்ளயெல்லாம் எதுக்குங்க சார்? அது கணக்குல வராதுங்க."

"அழுதுச்சு. நான் கேட்டேன். அழுதா உசுரு இருந்துச்சுன்னுதான சார் அர்த்தம்?"

வாத்தியார் அப்பாவைப் பார்த்தார். "நான் சொன்னத எழுதுங்க சார்" என்றார் அப்பா.

அம்மா சொம்பைத் தரையில் ஓங்கி வைத்தாள். மோர் எங்கும் தெறித்தது.

"பெத்தவ நானு. அவரு மூஞ்சிய எதுக்குங்க பாக்கறீங்க? மூணுன்னு எழுதுங்க. அதுக்கு ஒரு பேரு வெக்கக்கூட வுடல இவங்க. கணக்குலயாவது இருக்கட்டும்."

அப்பா கையை ஓங்கினார். வாத்தியார் எழுந்து குறுக்கே நின்றார். பிறகு உட்கார்ந்து எழுதினார். "மூணுன்னு போட்டுட்டம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

எனக்கும் கோபம் பொங்கியது, அம்மாவின் மேல். யாரும் பார்க்காத ஒரு பாப்பாவுக்காக வாத்தியார் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்று அழுதேன்.

இன்று அந்தப் பழைய கணக்கெடுப்புத் தொகுதிகளை வைத்து ஆராய்ச்சி செய்வதுதான் என் வேலை. பிறந்த குழந்தைகளிலிருந்து இருக்கும் குழந்தைகளைக் கழித்து, எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று எழுதுகிறோம். அப்பாக்கள் "ரெண்டு" என்று சொல்லி, அம்மாக்களின் வாயை அடைத்த வீடுகள் எந்த அட்டவணையிலும் அகப்படுவதில்லை. ஒவ்வொரு முறை அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதும் எனக்கு அந்த அப்பாக்கள் மேல் கோபம் பொங்குகிறது.

வாத்தியார் அன்று எண்ணிக்கையை மட்டும்தான் கேட்டார். பாப்பா எப்படிச் செத்தது என்று கேட்டிருந்தால் அம்மா அதையும் சொல்லியிருப்பாள். அவர் தெரு முனை தாண்டும்வரை அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தக் கேள்விக்குப் பயந்துதான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.